பழைய வானில் பாவித்த ஜெனரேற்றர் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா டொல்பின், நிசான் கரவான், மிற்சுபிஷி எல்300 மாதிரியான பழைய வானுக்குள் கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் பூட்டி, கொழும்பிலிருந்து அறுகம்பேக்கோ நுவரெலியாவுக்கோ குடும்பத்தோடு போய்த் தங்கி வருகிறவர்களுக்கான பக்கம் இது. ஒன்று முதல் மூன்று கே.வி.ஏ. (ஜெனரேற்றர் தரும் கரண்டின் அளவு, ஒரு கே.வி.ஏ. ஏறக்குறைய 1,000 வோட்) வரையான, பாவித்த பெற்றோல் ஜெனரேற்றர்களைப் பற்றியே பேசுகிறோம். கரண்ட் வேலை இதில் சின்னப் பகுதிதான். காற்று எங்கே நுழைகிறது, சூடு எங்கே வெளியேறுகிறது, புகை எங்கே போகிறது என்ற மூன்றும்தான் பெரிய வேலை. கராஜில் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இந்த மூன்றையே.

வானுக்கு ஜெனரேற்றர் கட்டாயம் தேவையா?

லைட், ஃபேன், ஃபோன் சார்ஜ், 12 வோல்ட் ஃபிரிட்ஜ் மட்டும் என்றால் தேவையில்லை. 30 வோட் ஃபேன் பத்து மணித்தியாலம் ஓடினால் 300 வோட்-மணி. 45 வோட் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் 225. லைட்டுக்கும் ஃபோனுக்கும் 80 வையுங்கள். ஓர் இரவுக்குச் சுமார் 600 வோட்-மணியில் முடிந்துவிடும். 12 வோல்ட்டில் அது 50 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்றே அந்த இரவைத் தாங்கும். வான் ஓடும்போதோ சோலரிலோ அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரே இடத்தில் இரண்டு, மூன்று நாள் நிற்பீர்கள், மழைக்காலத்தில் சோலர் வேலை செய்யாது, சோற்றுக் குக்கர் பாவிக்க வேண்டும் என்றால் ஜெனரேற்றருக்கு வேலை இருக்கிறது. அப்போதும் அதைப் பகலில் இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பற்றரியை நிரப்பும் மெஷினாகத்தான் நினைக்க வேண்டும். இரவுக்குப் பற்றரி. இந்தப் பக்கத்தில் சொல்லும் மற்ற எல்லாமே இந்த ஏற்பாட்டை வைத்துத்தான்.

எத்தனை கே.வி.ஏ. எடுக்க வேண்டும்?

ஒரே நேரத்தில் ஓடும் பொருட்களின் வோட் கணக்கைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை மெஷினின் தொடர் அளவில் எண்பது வீதத்தைத் தாண்டக்கூடாது. தகட்டில் இரண்டு எண் இருக்கும், பெரியது சில நிமிடத்துக்கு மட்டுமே செல்லும். ஹொண்டா ஈ.யூ.20ஐ என்றால் உச்சம் 2 கே.வி.ஏ., தொடர்ந்து தருவது 1.6. விற்பவர் சொல்வது எப்போதும் பெரிய எண்.

சோற்றுக் குக்கர் 500 முதல் 700 வோட். இஸ்திரிப்பெட்டி 1,000. தண்ணீர் கொதிக்க வைக்கும் மின் கேத்தல் 1,500 முதல் 2,000. வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும்போது 100, 150 வோட்தான் எடுக்கும், ஆனால் கொம்பிரசர் உதைத்துக் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு அதைப்போல பல மடங்கு கேட்கும். கேத்தலைக் காஸ் அடுப்புக்கு மாற்றினால் 1.6 கே.வி.ஏ. மெஷின் ஒரு சிறு குடும்பத்துக்குத் தாராளம்.

மலைநாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் எஞ்சினின் சக்தி சுமார் 3.5 வீதம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், 1.6 என்பது 1.25 ஆகிவிடும். காற்று மெலிவதால் கலவையில் பெற்றோல் கூடி, பிளக்கும் கறுக்கும். கொழும்பில் நன்றாக ஓடிய மெஷின் அங்கே கறுப்புப் புகை விடுகிறது என்றால் பழுது என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் யப்பான் ரீகண்டிஷன் மெஷின் மலிவாகக் கிடைக்கிறதே. எடுக்கலாமா?

தகட்டைப் பாருங்கள். யப்பான் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்தது 100 வோல்ட் தரும். நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிளக் துவாரம் இரண்டு தட்டைக் கீறலாக இருந்தால் அதுவே அடையாளம். இன்வேர்ட்டர் வகை மெஷினில் (எலெக்ட்ரொனிக் போர்ட்டால் கரண்டைச் சீராக்கித் தருவது) 50, 60 ஹேர்ட்ஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கும், வோல்ட் மாறாது. அமெரிக்க முகாம் வண்டியிலிருந்து கழற்றிய ஓனன் என்றால் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்.

100 வோல்ட் மெஷினை எடுத்தால் கூடவே ஒரு ட்ரான்ஸ்போமர் வேண்டும். மெஷினின் அளவைவிட ஒன்றரை மடங்கு எடுங்கள். உள்ளே வரும் சுருளும் வெளியே போகும் சுருளும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகைதான் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஒரே சுருளைப் பங்குபோடும் வகை, அது வானுக்கு உதவாது. நல்லது பத்துக் கிலோவைத் தாண்டும், சுமார் ஐந்து வீதக் கரண்டைத் தானே தின்னும். 100 வோல்ட் பக்கத்தில் 1.6 கே.வி.ஏ. என்பது 16 அம்பியர், ஆகவே அந்தப் பக்க வயர் 4 சதுர மில்லிமீற்றராக இருக்கட்டும். மெஷினைக் கிளப்பி, ட்ரான்ஸ்போமரைச் சுமையில்லாமல் இணைத்து, அதன்பிறகுதான் பொருட்களைப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் இழுவையிலேயே ஓவர்லோட் லைட் எரியும்.

“230க்கு மாற்றியாச்சு” என்று சொல்லி இன்வேர்ட்டர் மெஷின் ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். சாதாரண மெஷினில் கரண்ட் உண்டாக்கும் ஓல்டனேற்றரின் சுருளைத் திரும்பச் சுற்றி மாற்றலாம். இன்வேர்ட்டர் மெஷினில் வோல்ட்டைத் தீர்மானிப்பது எலெக்ட்ரொனிக் போர்ட், சுருளை மாற்றி அதை ஏமாற்ற முடியாது.

சிறிய 950 வகை டூ-ஸ்ட்ரோக் மெஷின்?

வானுக்கு வேண்டாம். 650 வோட் அளவுதான் தரும், எண்ணெய் கலந்து எரிப்பதால் புகை அதிகம், வோல்ட் ஏறி இறங்கும். கடையில் ஒரு லைட் எரிக்க உதவும், பற்றரி சார்ஜருக்கு அது நல்லதில்லை.

பாவித்த மெஷினை வாங்க முன் எப்படிச் சோதிப்பது?

கையில் ஹேர்ட்ஸ் காட்டும் மல்ரிமீற்றர், 1,000 வோட் இஸ்திரிப்பெட்டி, ஒரு சோற்றுக் குக்கர், ஒரு டோர்ச். குறைந்தது அரை மணித்தியாலம். விற்பவர் “அவசரமா இருக்கு” என்றால் வேறு நாள் போங்கள்.

போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள், குளிரில் கிளம்புவதுதான் சோதனை. எண்ணெய்க் குச்சியை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். பால்தேநீர் நிறம் என்றால் உள்ளே தண்ணீர். பெற்றோல் மணம் அடித்தால் கார்பரேற்றர் ஒழுகி உள்ளே இறங்கியிருக்கிறது. கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஓர் இடத்தில் கை தடுக்க வேண்டும், அந்தத் தடுப்பே கொம்பிரஷன். வழுக்கிக்கொண்டு வந்தால் வால்வோ றிங்கோ போயிருக்கிறது.

கிளம்பியபின் சுமையில்லாமல் வோல்ட்டையும் ஹேர்ட்ஸையும் எழுதுங்கள். சாதாரண மெஷின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும், வெறுமனே 52 ஹேர்ட்ஸ் காட்டுவது சரி. இஸ்திரிப்பெட்டியைப் போடுங்கள். ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் எழும்ப வேண்டும். முழுச் சுமையில் 220 வோல்ட்டுக்கும் 49 ஹேர்ட்ஸுக்கும் கீழே போகக்கூடாது. இன்வேர்ட்டர் மெஷினில் இரண்டு எண்ணும் அசையவே கூடாது. அப்படியே இருபது நிமிடம் ஓட விடுங்கள். பல குறைகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும்.

புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது, வாங்காதீர்கள். கறுப்பு என்றால் பெரும்பாலும் அடைத்த ஏர் ஃபில்ற்றர் அல்லது கார்பரேற்றர், விலை குறைத்து வாங்கலாம். நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மண்ணிறம் நல்லது. எண்ணெய் ஈரம் கெட்டது.

2022 மின்வெட்டு நேரம் வாங்கி, பிறகு ஓட்டாமல் வைத்த மெஷின் நல்லதா?

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில் அவசரத்துக்கு வாங்கிப் பிறகு மூலையில் வைத்த மெஷின்களில் எஞ்சின் தேய்மானம் குறைவு, கார்பரேற்றர் அழுக்கு அதிகம். நல்ல கொள்முதலாக அமைய வாய்ப்புண்டு.

கார்பரேற்றரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் பெற்றோல் இருந்த இடத்தில் தேன் நிறப் பிசின் படிந்திருக்கும், அடியில் பச்சை பூத்திருக்கும், பழைய வார்னிஷ் மணம் மூக்கில் அடிக்கும். நடுவில் நிற்கும் பித்தளைக் குழாயின் அடியில் பெரிய ஜெட், பக்கத்தில் சின்ன ஜெட். சின்ன ஜெட்டின் துவாரம் தலைமுடியைவிடச் சற்றுத்தான் பெரிது. மெஷின் சத்தம் “ஊ… ஊ…” என்று ஏறி இறங்கி ஓடினால் அடைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். ஊசியால் குத்தவேண்டாம், துவாரம் பெருத்துவிட்டால் ஜெட் நாசம். மின் வயரின் செம்புத் தும்பு ஒன்றை உருவி அதால் தட்டி எடுங்கள், கார்பரேற்றர் கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கிண்ணத்தின் றப்பர் வளையம், எரிபொருள் குழாய், பிளக் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். எண்ணெயை மாற்றி, தொட்டியில் உள்ள பழைய பெற்றோலை முழுதாக வடித்துவிடுங்கள்.

வானில் எங்கே வைப்பது?

எங்கள் சிபாரிசு முதலில் இது: வானுக்குள் ஓட்டவே வேண்டாம். பின்பக்கத்தில் பெட்டி ஒன்றில் கொண்டுபோங்கள், நின்ற இடத்தில் வெளியே இறக்கி, வானிலிருந்து குறைந்தது ஆறு மீற்றர் தள்ளி, காற்று வானைவிட்டு விலகி வீசும் திசையில் வைத்து ஓட்டுங்கள். 10 மீற்றர் நீளம், 2.5 சதுர மில்லிமீற்றர் நெகிழ்வான கேபிள் போதும். 7 அம்பியர் போனாலும் வழியில் சுமார் ஒரு வோல்ட்தான் விழும். ஈ.யூ.20ஐ 21 கிலோதான், ஒருவர் தூக்கலாம். மழைக்கு மேலே நான்கு பக்கமும் திறந்த கூரை போதும். தறப்பாளால் மூடி ஓட்டக்கூடாது.

45 கிலோ எடையுள்ள மெஷினைத் தினமும் இறக்க முடியாது என்றால்தான் பூட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது இரண்டு வழி. ஒன்று, பின்கதவு திறந்ததும் வெளியே இழுபடும் தட்டு. மெஷினை முழுதாக வெளியே இழுத்து ஓட்டலாம், ஆனால் கதவு திறந்தபடி நிற்கும், புகை உள்ளே சுழன்று வரும். ஆகவே தூங்கும் பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே காற்றுப் புகாத தடுப்பு இருந்தால் மட்டும். மற்றது, வெளியே மட்டும் திறக்கும் தனிப் பெட்டி. வேலை அதிகம், ஒழுங்காகச் செய்தால் அதுவே நல்லது.

தரைக்கு அடியில் தொங்கவிடுவதைப் பலர் கேட்கிறார்கள். டொல்பினில் ஸ்பெயார் சக்கரம் தொங்கும் இடம் கண்ணில் படும். சாதாரண போர்ட்டபிள் மெஷின் சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்துக்குச் செய்யப்பட்டதல்ல. ஒரு மாரிகாலம் போதும், பிளக் துவாரங்களில் பச்சை பூத்துவிடும்.

பழைய தரை தாங்குமா? எப்படிப் பூட்டுவது?

முதலில் கார்ப்பெற்றையும் பலகையையும் கிளப்பிப் பாருங்கள். ஸ்குரூ டிரைவரின் நுனியால் தட்டிக்கொண்டு போங்கள். “டங்” என்றால் தகடு நல்லது. மந்தமான சத்தம், செதில் உதிர்வு என்றால் அங்கே வெட்டி வெல்டிங் வேண்டும். பின்சக்கர வளைவின் ஓரமும் பின்கதவின் கீழ் விளிம்பும்தான் பெரும்பாலும் முதலில் துருப்பிடிக்கும்.

மெஷினைத் தகட்டில் நேரே பூட்டாதீர்கள். 40 மி.மீ. ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் அடித்து, அதைச் சசியின் (வானின் அடிச்சட்டத்தின்) குறுக்குக் கம்பிகளோடு பிணையுங்கள். எம்10 அளவு, 8.8 தரப் போல்ட் நான்கு, கழலாத நைலொக் நட், தரைக்கு அடியில் 3 மி.மீ. தகடு. மெஷினுக்கும் சட்டத்துக்கும் நடுவே றப்பர் மவுண்ட் நான்கு. ஏற்கெனவே மெஷினுக்குள் றப்பர் கால் இருந்தாலும் இது வேண்டும், வான் இரவில் பறையாக அதிராமல் இருப்பதற்கு. சடுதியாகப் பிரேக் அடித்தால் இந்தப் பாரம் முன்னோக்கித்தான் பாயும், ஆகவே முன்பக்கத் தடுப்புக் கம்பி கட்டாயம். முழு மெஷினும் வலப்பக்கம் என்றால் பற்றரியை இடப்பக்கம் வைத்துப் பாரத்தைச் சமப்படுத்துங்கள்.

பெட்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும்? இரண்டு கிறில் போதாதா?

போதாது. கணக்கைப் பாருங்கள். மெஷின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லீற்றர் அளவு பெற்றோல் எரிக்கும். ஒரு லீற்றரில் சுமார் 9 கிலோவோட்-மணி சக்தி இருக்கிறது. கரண்டாக வருவது ஒன்றரைக்குச் சற்று மேல். மிச்சம் ஏழுக்கு மேல் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு போனாலும் நான்கு கிலோவோட் அளவு பெட்டிக்குள்ளேயே விழும். இரண்டு பெரிய மின் கேத்தலை ஓர் அலுமாரிக்குள் மூடிவைத்து விடாமல் கொதிக்கவைப்பதற்குச் சமம்.

அந்தச் சூட்டை 15 பாகை ஏற்றத்துக்குள் வைத்திருக்க நொடிக்கு 0.22 கன மீற்றர் காற்று வேண்டும். நொடிக்கு மூன்று மீற்றர் வேகத்தில் நுழைகிறது என்று வைத்தால் திறப்பு 27க்கு 27 சென்ரிமீற்றர். கிறில் தகடு அதில் பாதியை மறைத்துவிடும். ஆகவே உள்ளே வருவதற்கு 40க்கு 40, வெளியே போவதற்கும் அதே அளவு. கொழும்பில் வெளிக்காற்றே 31, 32 பாகை. குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்து வெட்டிய துவாரம் இங்கே பற்றாது.

அளவைவிட முக்கியம், போன சூடு திரும்பி வராமல் இருப்பது. உங்கள் மெஷின் எந்தப் பக்கத்தால் காற்றை இழுக்கிறது, எந்தப் பக்கத்தால் தள்ளுகிறது என்று ஓடும்போது கடதாசித் துண்டு பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பெட்டியைக் குறுக்கே தகட்டால் பிரித்துவிடுங்கள். மெஷினின் உடம்பைச் சுற்றி அந்தத் தகடு இறுக்கமாக நிற்க வேண்டும். இந்த ஒரு தகடு இல்லாததால்தான் பல பெட்டிகளில் மெஷின் இருபது நிமிடத்தில் திணறி நிற்கிறது.

துணைக்கு 120 மி.மீ. அளவு, பலமான 12 வோல்ட் விசிறி நான்கு போடுங்கள். காற்றை வெளியே உறிஞ்சும் பக்கத்தில் போட வேண்டும். உள்ளே தள்ளினால் பெட்டிக்குள் அழுத்தம் ஏறி, இடைவெளிகளால் வானுக்குள் புகை கசியும். உறிஞ்சும்போது வானின் காற்றுத்தான் பெட்டிக்குள் வரும். பெற்றோல் ஆவி பறக்கும் இடம் என்பதால் பிரஷ் இல்லாத விசிறியாகப் பாருங்கள். பழைய ரேடியேற்றர் மோட்டாரில் பொறி பறக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், கீழே தேங்கும். பெட்டியின் அடித்தளத்தில் தரைவழியே வெளியேற இரண்டு துவாரம் விடுங்கள்.

உட்சுவருக்கு மெல்லிய இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் கல்கம்பளி. பலகை, ரெஜிஃபோம் எதுவும் உள்ளே தெரியக்கூடாது.

புகைக்குழாயை எப்படி வெளியே எடுப்பது?

மெஷினின் சைலன்சர் வாயைவிடக் குறுகிய குழாய் கூடாது. ஒரு முழங்கை வளைவு, அதிகபட்சம் இரண்டு. மெஷின் றப்பரில் ஆடும், வான் ஆடாது. நடுவே நெளிவுள்ள துருப்பிடிக்காத உலோகக் குழாய் ஒரு சாண் இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் வெல்டிங் வெடிக்கும். அந்த வெடிப்பு பெட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வரும். இறப்பர்க் குழாய் பாவிக்கவே கூடாது. பலகை, வயர், பிளாஸ்ரிக் எதிலிருந்தும் எட்டு சென்ரிமீற்றராவது விலகி, வெப்பநாடா சுற்றி, வெளியே சாய்வாகக் கொண்டுபோங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்பக்கூடாது.

நுனி வானின் விளிம்பைத் தாண்டி இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். தரைக்கு அடியில் முடித்தால் புகை அடிப்பாகத்தில் பரவி, பழைய துவாரங்களால் மேலே ஏறும். நம் வான்களில் சறுக்குக் கதவு இடப்பக்கம். ஆகவே வலப்பக்கப் பின்மூலை சரியான இடம். அந்தப் பக்கத்து ஜன்னலும் பின்கதவும் மெஷின் ஓடும்போது மூடியிருக்க வேண்டும். மதிலோடு ஒட்டி, உயர்ந்த புல்லுக்குள், இன்னொரு வானின் அருகில் நிறுத்தி ஓட்டக்கூடாது.

பழைய வானுக்கென்று இன்னொரு வேலை உண்டு. பெட்டியின் மூட்டுகள், தரையில் பழைய சீற் போல்ட் துவாரங்கள், வயர் போகும் ஓட்டைகள், பின்கதவின் றப்பர் எல்லாவற்றையும் அடையுங்கள். பிறகு மெஷின் நிற்கும்போது கதவு ஜன்னல் மூடி, பெட்டியின் விசிறியை மட்டும் போட்டு, வானுக்குள் ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் கொண்டுபோங்கள். புகை நூல் எங்கே வளைந்து உள்ளே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. பூசி, திரும்பப் பாருங்கள். நூல் எங்கும் நேராக எழும்வரை மெஷினைக் கிளப்ப வேண்டாம்.

இரவில் தூங்கும்போது ஓட்டலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?

ஓட்டக்கூடாது. ஜன்னல் திறந்தாலும் கூடாது.

மெஷினின் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கும் இடத்தை அது 200 மடங்குக்கும் அதிகமான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், சோர்வு. விழித்திருப்பவர் எழும்பி வெளியே போவார். தூங்குகிறவருக்கு அது தூக்கத்தோடு தூக்கமாகப் போய்விடும். காற்றின் திசை இரவில் மாறும், ஜன்னலின் இடைவெளி அப்போது புகை வரும் வாசலாகிவிடும். பிள்ளைகள் படுக்கும் வானில் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

காபன் மொனொக்சைட் அலாரம் எது வாங்குவது, எங்கே பூட்டுவது?

பின்புறத்தில் ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டது வாங்குங்கள். வண்டிக்கும் படகுக்கும் உரியதில் கடைசியில் 2 என்ற பகுதி எண் இருக்கும். அந்தத் தரத்தின்படி 50 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவு 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 என்றால் மூன்று நிமிடத்துக்குள்ளும் அது அலற வேண்டும். படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் பூட்டுங்கள், ஃபேனுக்கு முன்னாலோ அடுப்புக்கு மேலோ வேண்டாம். உள்ளே இருக்கும் சென்சருக்கு ஆயுள் உண்டு. முடிவுத் திகதி பின்னால் அச்சிட்டிருக்கும், பாவித்த அலாரம் வாங்கவே வேண்டாம். சோதனைப் பொத்தான் சத்தத்தையும் பற்றரியையும் மட்டும்தான் சோதிக்கும்.

ட்ரிப் சுவிட்ச் பூட்டினேன். ஜெனரேற்றரில் கசிவு வந்தும் விழவில்லை. ஏன்?

ட்ரிப் சுவிட்ச் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் ஒப்பிடுகிறது. 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். வீட்டில் கசிந்த கரண்ட் ஏர்த் வழியாகத் திரும்பிப் போக வழி இருக்கிறது. பெரும்பாலான போர்ட்டபிள் மெஷின்களில் நியூட்ரல் எதனோடும் இணையாமல் மிதக்கிறது. கசிவுக்குத் திரும்பும் வழி இல்லை, வித்தியாசம் இல்லை, சுவிட்ச் விழாது. இரண்டாவது இடத்திலும் கசியும்போதுதான் ஆளுக்கு அடிக்கும்.

மெஷினை நிறுத்தி, அதன் நியூட்ரல் துவாரத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில் என்றால் ஏற்கெனவே இணைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். இணையவில்லை, மெஷினின் கைநூலும் தடுக்கவில்லை என்றால், ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், மெஷின் பக்கத்தில், ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலையும் ஏர்த்தையும் இணைக்க வேண்டும். ட்ரான்ஸ்போமர் இருந்தால் அதன் 230 வோல்ட் பக்கத்தில். மெஷினின் சட்டத்தையும் வானின் சசியையும் 6 சதுர மில்லிமீற்றர் ஏர்த் வயரால் பிணையுங்கள், பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில். பிறகு ஓட்டிப் பாருங்கள். லைனுக்கும் ஏர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் பூச்சியம் வர வேண்டும். இரண்டிலும் 115 அளவு காட்டினால் இன்னும் மிதக்கிறது.

சுவிட்சில் உள்ள ‘டெஸ்ற்’ பொத்தானை நம்பி ஏமாறாதீர்கள். நியூட்ரல் மிதந்தாலும் அது விழும். அது சுவிட்சின் உறுப்புகளைச் சோதிக்கிறது, உங்கள் ஏர்த்தையல்ல.

தங்குமிடத்துக் கரண்டையும் எடுக்க வேண்டும். எப்படி மாற்றுவது?

லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் 1-0-2 மாற்றுச் சுவிட்ச். நடுவில் பூச்சியம் இருக்கும் வகையே வேண்டும், இரண்டு பக்கமும் ஒரு நொடிகூடச் சந்திக்கக்கூடாது. மேலே சொன்ன நியூட்ரல் இணைப்பு இந்தச் சுவிட்சுக்கு முன்னால், ஜெனரேற்றர் பக்கத்தில் மட்டும். தங்குமிடத்துக் கரண்டில் அதை இணைத்தால் அவர்களுடைய ட்ரிப் சுவிட்ச் விழும். மாற்றுச் சுவிட்சுக்குப் பின்னால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதன் பின்னால் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக வெட்டும் பிரேக்கர்). 1.6 கே.வி.ஏ. என்றால் 7 அம்பியர்தான், 6 அம்பியர் எம்.சி.பி. பொருத்தம்.

வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், பல தும்பு உள்ளது. வீட்டுச் சுவருக்குப் போடும் ஒற்றைக்கம்பி வயர் அதிர்வில் உள்ளுக்குள் முறியும். தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துவாரத்திலும் றப்பர் குரோமெற். பிளக் பொயின்ற் சதுர முள் 13 அம்பியர் வகையாக இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் ஆண் முள் உள்ள வயரைச் செய்து வீட்டுப் பிளக்கில் குத்தி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பதை யாரும் செய்யக்கூடாது. மின்வெட்டு நேரம் கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும்.

வானின் டாங்கிலிருந்து பெற்றோல் எடுக்கலாமா?

டொல்பின் பெரும்பாலும் டீசல், ஆகவே கேள்வியே இல்லை. பெற்றோல் வானிலும் மெஷினின் சொந்தத் தொட்டியையே பாவியுங்கள். ஈ.யூ.20ஐ அளவு மெஷினுக்கு ஒரு நிரப்பல் முழுச் சுமையில் மூன்று முதல் நான்கு மணித்தியாலம் போகும், பகல் வேலைக்கு அது போதும். நிறுத்தி 15 நிமிடம் ஆறவிட்டு, வானுக்கு வெளியே வைத்து நிரப்புங்கள். வான் ஓடும்போது மெஷினின் எரிபொருள் திறப்பும் மூடியின் காற்றுத் திறப்பும் மூடியிருக்க வேண்டும். பெற்றோல் கான் தூங்கும் பகுதிக்குள் வரக்கூடாது.

மெஷினின் 12 வோல்ட் துவாரத்தால் பற்றரி ஏற்றலாமா?

ஏறும், ஆனால் 8 அம்பியர் அளவில், கட்டுப்பாடில்லாமல். 230 வோல்ட் பக்கத்தில் 30 அம்பியர் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று போடுங்கள். 500 வோட் அளவுதான் இழுக்கும், இரண்டு மணித்தியாலத்தில் 60 அம்பியர்-மணி வரை திரும்பும். ஈயப் பற்றரி கடைசி இருபது வீதத்தை மெதுவாகத்தான் வாங்கும். அதற்காக மெஷினை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம், சோலருக்கு விடுங்கள்.

ஏ.சி. ஓடுமா?

9,000 பி.டி.யூ. ஏ.சி. ஓடும்போது 900 வோட் அளவு. சாதாரண கொம்பிரசர் கிளம்பும்போது அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. 1.6 கே.வி.ஏ. மெஷின் அந்த உதைப்பில் விழும். இன்வேர்ட்டர் ஏ.சி. மெதுவாகக் கிளம்புவதால் ஓடும், சுமை குறைந்தால் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஈகோ சுவிட்சை நிறுத்தி வைத்தால். ஆனால் வெயிலில் நிற்கும் வெறும் தகட்டுக் கூரைக்குக் கீழே அது பெற்றோலைத் தின்று தோற்கும். அந்தச் செலவைக் கூரைக்கு வெப்பத்தடை ஒட்டுவதில் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்தது சடுதியாக நிற்கிறது. திரும்ப இழுத்தாலும் கிளம்பவில்லை.

வான் சாய்ந்து நிற்கிறதா பாருங்கள். எண்ணெய் குறைந்தால் நிறுத்தும் சென்சர் சாய்விலும் நிறுத்திவிடும். மட்டமாக நிறுத்தி, எண்ணெய் பார்த்து ஊற்றுங்கள்.

எஞ்சின் ஓடி கரண்ட் மட்டும் வரவில்லை என்றால், முதலில் மெஷினின் பிரேக்கர். பிறகு பிரஷ், கப்பாசிற்றர், வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். பல மாதம் ஓடாமல் இருந்தால் காந்தத்தன்மை மங்கியிருக்கும். மோட்டார் சுற்றும் கடையில் சில நிமிட வேலை.

பராமரிப்பு?

வாங்கியவுடன் எண்ணெய் மாற்றம், 20 மணித்தியாலத்தில் இன்னொன்று, பிறகு 100 மணித்தியாலம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தரம். ஈ.யூ.20ஐக்கு 0.4 லீற்றர் 10டபிள்யூ-30. இவ்வளவு சின்ன அளவு எண்ணெயில் ஓடுவதால்தான் தவறவிடக்கூடாது. கற்பிட்டி, அறுகம்பே போய்வந்தால் உப்புக்காற்று பட்ட இடங்களை ஈரத்துணியால் துடைத்து, பிளக் துவாரத்திலும் முனைகளிலும் பச்சை பூக்கிறதா பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டமாட்டீர்கள் என்றால் எரிபொருள் திறப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடித் திருகால் மிச்சத்தை வடியுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கோ காப்புறுதிக்கோ பிரச்சினை வருமா?

பெட்டியில் கொண்டுபோய் வெளியே இறக்கி ஓட்டினால் அது சாமான். வானின் உடலை வெட்டி நிரந்தரமாகப் பூட்டினால் அது மாற்றம். வெட்டுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

முதல் பயணத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வீட்டு முற்றத்தில், வெளியே, இரண்டு மணித்தியாலம் முக்கால் சுமையில் ஓட்டுங்கள். அலாரம் உள்ளே, ஆட்கள் வெளியே. கதவு ஜன்னல் மூடியிருக்கட்டும். பத்து நிமிடத்துக்கொரு தரம் பெட்டியின் வெளிச்சுவரையும் வானுக்குள் இருக்கும் சுவரையும் (அதற்கு மட்டும் ஒரு கணம் உள்ளே போய்) கையால் தொடுங்கள். உட்சுவரில் கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் காற்று போதவில்லை. எண் காட்டும் அலாரத்தில் பூச்சியத்தைத் தவிர வேறெது வந்தாலும் நிறுத்தி, ஊதுபத்தியை மறுபடி கொளுத்துங்கள்.